கார்டு அக்காவும் சுவர் பார்க்கும் உத்தியோகமும்

ஆட்டுக்கறியைக் கூறு போட்டுப் பார்த்திருப்பீர்கள். பற்பசையைக் கூறு போட்ட மனுஷி இந்த உலகத்திலேயே எங்கள் கார்டு அக்கா ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று வில்லாபுரத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரரே அவரை "ஏ கார்டு, காப்பி போடு" என்றுதான் கூப்பிடுவார் என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான்தான். வயிற்றெரிச்சல்.

போன வாரம், இப்போது நாங்கள் குடியிருக்கும் ஆனையூரில், மேல்வீட்டுக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். ரிங் ரோட்டில் குடோன் மாதிரி ஒரு மொத்த விலைக் கடை இருக்கிறதே, வருடச் சந்தா கட்டிக் கார்டு வாங்கினால்தான் உள்ளேயே விடுவார்களாமே, நம்மைப் போல இழுத்துப் பிடித்துக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது கட்டுபடியாகுமா என்று கேட்டார். "உட்காருங்க சார், சொல்றேன்" என்றேன். அவர் வீட்டில் சாப்பாடு ஆறிப்போய், மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும்வரை சொன்னேன். உங்களிடம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கார்டு அக்காவுக்குத் தொழில் பணியாரக் கடை. சாயங்காலம் தெருமுனையில் அடுப்பைப் பற்ற வைத்தால், வேலை விட்டு வருகிற ஜனம் அப்படியே நின்றுவிடும். கடைக்கு எண்ணெய் டின் மலிவாகக் கிடைக்கும் என்று அந்தக் கார்டை எங்கள் தெருவிலேயே முதலில் வாங்கியவர் அவர்தான். அன்றைக்கு நான் கேலி செய்தேன்.

"உள்ள போறதுக்கே காசா? அதென்னக்கா, பொருட்காட்சியா?"

"பொருட்காட்சியில வெறும் அப்பளந்தான் தம்பி கெடைக்கும்" என்று சொல்லிவிட்டுப் பணியாரத்தைத் திருப்பிப் போட்டார்.

அந்தக் கடையில் சின்னப் பொட்டலம் என்ற பேச்சே கிடையாது. பற்பசை வேண்டுமென்றால் ஒரு கட்டு வாங்க வேண்டும். பருப்பு என்றால் மூட்டை. ஒரு வீட்டுக்கு அது ஆகிற காரியமா? அக்கா யோசித்திருக்கிறார். தீபாவளிக்கு நாலைந்து வீடு சேர்ந்து ஒரு ஆட்டை வாங்கி, கறியை இலையில் கூறு கூறாகப் பிரித்துக்கொள்வோமே, அதே பங்குக்கறி முறையை மளிகைக்கும் கொண்டுவந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் வாழை இலை விரித்துவிடுவார்கள். ஒவ்வொரு இலையிலும் கொஞ்சம் பருப்பு, இரண்டு சோப்பு, ஒரு பற்பசை. பங்கு பிரித்தபின் மிச்சமாக ஒரு சாமான் நின்றுவிடும். அதை ஏதாவதொரு கூறின் தலையில் கொசுறாக வைத்துவிடுவார். சண்டை வராமலிருக்க ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். அக்கா ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். திரும்பி நிற்பவர் எதையும் பார்க்காமல் ஒரு வீட்டைச் சொல்வார். சொன்னது சொன்னதுதான், மேல்முறையீடு கிடையாது. கடைசியில் எது மிஞ்சுகிறதோ அது அக்காவுக்கு. அதனால் அவர் பெயரை யாரும் சொல்வதே இல்லை. கொசுறும் அவருக்கு விழுந்து நான் பார்த்ததில்லை.

அந்தச் சுவர் பார்க்கும் உத்தியோகத்தை நிரந்தரமாக வைத்திருந்தவர் எங்கள் எதிர்வீட்டுத் தையல்கடை பாய். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் பண்ணுகிற அலப்பறை தாங்காது. வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, அத்தர். கேட்கிறேன், சுவரைப் பார்த்து நிற்கிறவருக்கு எதற்கய்யா அத்தர்? சுவரா மோந்து பார்க்கப் போகிறது? "வாத்தியார் வீட்டுக்கு... மேலத்தெரு அண்ணே வீட்டுக்கு..." என்று அவர் நிறுத்தி நிதானமாகச் சொல்லும்போது, மொத்தத் தெருவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகைப் பார்க்கும். என் முதுகை அப்படி யாரும் பார்த்தது கிடையாது.

வெட்கத்தை விட்டு ஒருநாள் கேட்டேன். "அக்கா, இந்த வாரம் நான் திரும்பி நிக்கட்டா?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க வேணாம் தம்பி. ஒங்க கண்ணு முதுகுல இருக்கு."

தெருவே சிரித்தது. அதிலும் என் மனைவி சுமதி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது அம்புட்டு சத்தம்.

அக்கா ஒன்றும் தப்பே செய்யாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். மலிவு என்று ஒருமுறை ஆரஞ்சு நிறத் துண்டுகளைக் கட்டுக்கட்டாக அள்ளி வந்துவிட்டார். அதற்கப்புறம் எந்த வீட்டுக் கொடியில் காய்வது யாருடைய துண்டு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான் மாதக்கணக்கில் வாத்தியாரின் துண்டில் தலை துவட்டியிருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது. இன்னொரு முறை ஓட்ஸ். காலையில் ஓட்ஸ் உப்புமா, ராத்திரி ஓட்ஸ் கஞ்சி, தெருமுனையில் ஓட்ஸ் பணியாரம். எங்கள் தெரு நாய்கூட அதை மோந்து பார்த்துவிட்டு அவனியாபுரம் பக்கம் போனது. இன்னொரு மாதம் எல்லா வீட்டிலும் தரை துடைக்க ஒரே லாவண்டர் வாசனைத் திரவம். கண்ணைக் கட்டிவிட்டாலும் எங்கள் தெருவை யாரும் கண்டுபிடித்துவிடலாம் என்கிற நிலைமை.

இவ்வளவு நடந்தும் அக்கா பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. நான் சொன்னால் "பாக்கலாம்" என்கிற சுமதி, அக்கா சொன்னால் அரைநாளில் முடித்துவிடுவாள். "கார்டு அக்கா சொல்லுச்சு" என்பது எங்கள் வீட்டுச் சட்டம். என்னிடம் இல்லாதது அந்தக் கார்டு ஒன்றுதானே, அதையும் வாங்கிவிட்டால் என்ன என்று எனக்குப் புத்தி போனது.

அந்த மாதம் எங்கள் மிக்ஸி புகைந்து செத்துப்போயிருந்தது. புது மிக்ஸிக்கென்று சுமதி சீட்டுப் பணத்தை அலமாரியில் எடுத்து வைத்திருந்தாள். அதைத் தூக்கிக்கொண்டு ரிங் ரோட்டுக்குப் போய்ச் சந்தாவைக் கட்டினேன். கார்டில் என் போட்டோ விழுந்திருந்த அழகைப் பார்த்து நானே மயங்கிவிட்டேன். அந்த மயக்கத்தில் தள்ளுவண்டியைத் தள்ளினேன். உள்ளே எல்லாமே பூதாகாரம். சும்மா வெளியே வந்தால் சந்தா வீணாகிவிடுமே என்று மீதிப் பணத்துக்கு ஒரு மூட்டை பொட்டுக்கடலை வாங்கிவிட்டேன். சல்லிசான விலை. சட்னிக்கு ஆகும்.

ஆட்டோவிலிருந்து மூட்டையை இறக்கினேன். சுமதி மூட்டையையும் கார்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மிக்ஸிக் காசக் குடுத்துட்டு, சட்னிக்குச் சாமான் வாங்கிட்டு வந்திருக்கீக."

நான் கார்டைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன்.

"எதுல அரைக்க? வாயில போட்டு அரைக்கவா?"

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. அந்த வாரம் முழுக்கத் தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான். பொட்டுக்கடலையோ வைத்திருந்தால் வண்டு விழுந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக்குள் மூட்டை கரையாவிட்டால் பணமும் போச்சு, மானமும் போச்சு, வீட்டில் பேச்சும் திரும்பாது என்று புரிந்துவிட்டது.

ஞாயிறு சாயங்காலம் என் வீட்டு வாசலில் நானும் இலை விரித்தேன். ஒவ்வொரு இலையிலும் பொட்டுக்கடலை, வெறும் பொட்டுக்கடலை. அதே நேரத்தில் அந்தப் பக்கம் அக்கா வீட்டு வாசலில் திருவிழாக் கூட்டம். என் பக்கம் ஒரு காக்கா மட்டும் வந்தது. அதுவும் ஒன்றைக் கொத்திப் பார்த்துவிட்டு அக்கா வீட்டுப் பக்கம் போய்விட்டது. பாய் தன் அத்தர் வாசனையோடு கடந்து போகும்போது நின்றார்.

"என்ன மாப்ள, தனிக்கடை போட்டாச்சா?"

"பாத்தாத் தெரியலயா பாய்?" என்று எரிந்து விழுந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

பாய் என்ன சொன்னாரோ தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து கூட்டம் கிளம்பி என் வீட்டை நோக்கி வந்தது. முன்னால் அக்கா, தலையில் சோப்புப் பெட்டியோடு. பின்னால் ஆளுக்கொரு கையாகப் பருப்பும் எண்ணெயும்.

"வெறும் கடலைக்கு யாரு தம்பி வருவாக? எல்லாத்தோடயும் சேத்து வைங்க, போகும்" என்றபடி அக்கா என் இலைகளிலேயே சாமான்களை வைக்க ஆரம்பித்தார். பிறகு வாசற்படியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற சுமதியைப் பார்த்தார். "பாதி மூட்டைய எங் கடைக்கு எடுத்துக்கிறேன்த்தா. புது மிக்ஸி வாங்குற வரைக்கும், கடைக்கு அரைக்கிறப்ப ஒனக்கும் சட்னி அரைச்சுத் தாரேன். அவர ஒண்ணும் சொல்லாத, பாவம்."

பாய் வழக்கம்போலச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நடந்தார்.

"பாய், நீங்க ஒக்காருங்க. இன்னைக்குத் தம்பி நிக்கட்டும்."

நானும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். போய் நின்றேன். நான் நின்ற இடத்தில், முகத்துக்கு நேரே, எங்கள் வீட்டு ஜன்னல். உள்ளே விளக்குப் போடவில்லை. வாசல் பல்பு வெளிச்சத்தில் அந்தக் கண்ணாடி நிலைக்கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் இருந்த ஒவ்வொரு இலையும் தெரிந்தது. அன்றைய கொசுறு ஒரு தேன் பாட்டில். அது எந்தக் கூறின் மேல் இருக்கிறது என்று தெரிந்தது. சுமதி அதையே பார்த்துக்கொண்டிருந்ததும் தெரிந்தது.

"இது யாருக்கு?"

"வாத்தியார் வீட்டுக்கு."

"இது?"

"பாய் வீட்டுக்கு."

அடுத்து அக்காவின் கை தேன் பாட்டில் இருந்த கூறைத் தொட்டது. "இது யாருக்கு தம்பி?"

"எங்க வீட்டுக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தேனும் வரும், ஒருவேளை சுமதி பேசவும் செய்வாள். வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"கார்டு அக்காவுக்கு" என்றேன்.

பாய்தான் பதறினார். "அக்கா பேரச் சொல்ற வழக்கமே இல்லையே மாப்ள!"

"சுவரு பாக்குறவன் சொன்னது சொன்னதுதான் பாய். நீங்க இத்தன நாளாச் சொன்னத நாங்க கேட்டோம்ல?" என்றேன், திரும்பாமலே.

அக்கா உடனே பாட்டிலை எடுக்கவில்லை. தலையை நிமிர்த்தி ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடிக்குள் எங்கள் இருவர் கண்ணும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தம்பி, ஒங்க கண்ணு இன்னமும் முதுகுலதான் இருக்கு" என்றார். பாட்டிலை எடுத்து முந்தானையால் துடைத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். சுமதி உள்ளே போய் எல்லோருக்கும் காப்பி போட்டாள். எனக்கும் சேர்த்துத்தான்.

மேல்வீட்டுக்காரர் கடைசியில், "அப்ப கார்டு போடலாமா, வேண்டாமா?" என்று கேட்டார். தனிக் குடும்பத்துக்கு அது சுத்தமாகக் கட்டுபடியாகாது, வண்டுதான் விழும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என் கார்டின் சந்தாவும் அந்த வருடத்தோடு முடிந்துபோனது.

வேலை மாற்றலாகி ஆனையூர் வந்துவிட்டோம். இங்கே எல்லாம் வீட்டு வாசலுக்கே பொட்டலமாக வந்துவிடுகிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்தால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. இந்நேரம் வில்லாபுரத்தில் இலை விரித்திருப்பார்கள். "இது யாருக்கு?" என்று அக்கா கேட்டுக்கொண்டிருப்பார். அங்கே இன்றைக்குச் சுவரைப் பார்த்து நிற்கிறவர் யாரோ, அவர் மேல் எனக்கு இப்போதும் பொறாமைதான்.