எழுத்து வைத்தியர் நாகையா

வைத்தியர்களில் பல வகை உண்டு. பல்லைப் பிடுங்குகிறவர், கண்ணுக்குக் கண்ணாடி போடுகிறவர், சுளுக்கெடுக்கிறவர். தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் நுழைந்தபோது கோலாலம்பூர்ப் பக்கம் புதிதாக ஒரு வைத்தியர் முளைத்தார். திரையில் தமிழ் வரவேண்டிய இடத்தில் கோழி கிளறினதுபோல ஏதாவது வந்து நின்றால் இவர் நாடி பிடிப்பார். எழுத்து வைத்தியர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். படித்துப் பட்டம் வாங்கியவரா என்கிறீர்களா? பட்டம் வாங்கியவனுக்கு வீடு வீடாகப் போக நேரம் ஏது?

அடையாளம் சொல்கிறேன், கண்டால் விலகிப் போக உதவும். உள்ளே வந்ததும் 'நகருங்க' என்பார். நாற்காலியில் உட்கார்ந்ததும், 'யார் இதுல கை வச்சது?' என்பார். யார் வைத்திருந்தாலும் உச்சுக்கொட்டுவார். பிறகு ஒரு டிஸ்க்கைச் செருகி, தன்னிடம் இருக்கிற ஃபாண்டை எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் இறக்குவார். அவர் போனபிறகு உங்கள் கம்ப்யூட்டர் அவர் எழுதியதை மட்டும் அழகாகக் காட்டும். மற்றவர்கள் எழுதியது தெரியவில்லையே என்றால் மற்றவர்களிடம்தான் கோளாறாம்!

சாலாக் செலாத்தானில் டைப்பிங் சென்டர் வைத்திருந்த நாகையா இந்த இனத்தின் திலகம். டிஸ்க்குகளை மைலோ டின்னில் அடுக்கி, மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் வைத்துக்கொண்டு வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த டின் பிரிக்பீல்ட்ஸில் சண்முகரத்தினம் வீட்டுக்கு வந்து இறங்கியது. அவருடைய மகள் குணபூசணிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

ஏன் என்கிறீர்களா? அன்றைக்கு அந்த வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். மாப்பிள்ளை இருப்பது டொரொன்டோவில். சண்முகரத்தினம் கஜானா இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். தமிழ் என்றால் உயிர். வெளிநாட்டில் வளர்ந்த பையனுக்குத் தமிழ் வருமா என்று அவருக்குச் சந்தேகம். ஃபோனில் பேசிப் பார்க்கலாமே என்று மனைவி இராசேஸ்வரி சொன்னதற்கு, பேசுகிறவன் எல்லாம் தமிழனா, என் கண் முன்னால் எழுதிக் காட்டட்டும் என்று சொல்லிவிட்டார். எழுதிக் காட்ட வழியும் வீட்டிலேயே இருந்தது. குணபூசணியின் கம்ப்யூட்டரில் டெர்மினல் என்று ஒரு புரோகிராம். டெலிபோன் வழியாக எங்கோ இருக்கிற பெரிய கம்ப்யூட்டரைப் பிடித்தால், இவள் இங்கே தட்டுவது அங்கே தெரியும், அவன் அங்கே தட்டுவது இங்கே தெரியும்.

அந்த டெர்மினலுக்கு ஒரே ஒரு குறை. அதற்குத் தமிழ் தெரியாது. வணக்கம் என்று தமிழ் விசைகளைத் தட்டினால் tzf;fk; என்று காட்டும். குணபூசணிக்கு அது குறையே இல்லை. டொரொன்டோ குகதாசனும் அவளும் இந்த உளறலிலேயே போன தீபாவளிக்கு முன்னாலிருந்து பேசி வருகிறார்கள். முதலில் புட்டுக்கு எந்த மா நல்லது என்று உலகத் தமிழர் அரட்டையில் சண்டை போட்டார்கள். சண்டை முற்றிக் காதலானது. நாளடைவில் அந்தக் குப்பை அவர்கள் இருவர் கண்ணுக்கும் சுத்தத் தமிழாகவே தெரிந்தது. அப்பா பின்னால் நின்று எட்டிப் பார்த்தால்கூட ஆபீஸ் வேலை என்று நினைத்துப் போய்விடுவார். இதைவிட நல்ல பூட்டு எந்தக் கடையில் கிடைக்கும்? கிள்ளானில் இருக்கிற பெரியம்மா இந்தச் சம்பந்தத்தைத் தானே கண்டுபிடித்ததுபோல் கொண்டுவந்தார். அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் நம் குணபூசணிதான்.

இராசேஸ்வரி மானிட்டருக்குக் குங்குமம் வைத்தார். ஒரு தட்டுப் பயற்றம் பணியாரமும் அதன் முன்னால் வைத்தார். லைன் கிடைத்தது. முதல் வரி வந்தது. சண்முகரத்தினம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார், ஒன்றும் விளங்கவில்லை. குணபூசணி 'எழுத்து உடைஞ்சு வருது, இங்க ஒருத்தருக்கும் விளங்காது' என்று குகதாசனுக்குத் தட்டிவிட்டு, கம்ப்யூட்டர் பழுது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று எழுந்தாள். நல்ல நேரம் போய்விடுமே! அப்பா நாகையாவைக் கூப்பிட்டுவிட்டார். எழுத்து வைத்தியர் ஒருவர் வருகிறார் என்று குணபூசணி அதையும் குகதாசனுக்குத் தட்டிவைத்தாள்.

நாகையா வந்தார், நகர்த்தினார், உச்சுக்கொட்டினார். முதல் டிஸ்க்கில் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. இரண்டாவதில் எழுத்துகள் தலைகீழாகத் தொங்காத குறை. அடுத்ததில், இதுவரை ஒழுங்காக ஆங்கிலத்தில் இருந்த மெனுவெல்லாம் தமிழெழுத்தில் பிதற்றத் தொடங்கி, எதை அமுக்கினால் வெளியே வரலாம் என்பதே மறந்துபோனது. 'இப்ப வந்துரும் லா' என்று மலேசிய 'லா' போட்டுச் சொன்னார் நாகையா. எப்படியோ பழைய குப்பைக்கே திரும்பி வந்து சேர்ந்தார்.

"என்னண்டு எழுதியிருக்கிறார், நாகையா?" என்று கேட்டார் சண்முகரத்தினம்.

இங்கேதான் கவனிக்கவேண்டும். இந்த இனத்துக்கு 'தெரியல' என்ற சொல் மட்டும் நாக்கில் புரளாது. நாகையா திரையை உற்றுப் பார்த்தார். தனக்குப் பாதி தெரிகிறது என்றார். பிறகு வாசிக்க ஆரம்பித்தார்! பையன் எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறாராம், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறாராம், பெரியவர்களிடம் மரியாதையாம். திரையில் இருந்ததோ, 'இன்னும் அந்த வைத்தியர் போகவில்லையா?' என்பது. குணபூசணி உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள். கல்யாணம் நடந்தால் சரி, நாகையா எதை வாசித்தால் என்ன?

இராசேஸ்வரி, பிள்ளை மரக்கறிதானே, மீன் இறைச்சி தொடமாட்டார்தானே என்று கேட்கச் சொன்னார். குணபூசணி தட்டினாள். பதில் வந்தது. நாகையாவுக்கு ஒரு யோசனை. எல்லாமே நல்லதாகச் சொன்னால் நம்புவார்களா? ருசிக்கு உப்புப்போல ஒரு சின்னக் குறையாவது வேண்டாமா?

"எல்லாம் சாப்பிடுவாராம். விசேஷ நாள்ல மட்டும் லேசா தண்ணி போடுவாராம். ஒளிக்காம சொல்றாரு, நல்ல பையன் லா," என்றார்.

சண்முகரத்தினம் எழுந்தார். குடிக்கிறவனுக்குப் பெண் கிடையாது, லைனை நிறுத்து என்றார். இராசேஸ்வரி பணியாரத் தட்டைத் தூக்கினார். குணபூசணிக்குச் சிரிப்பு செத்தது. வாயைத் திறந்தால் காதல் அம்பலம். திறக்காவிட்டால் காதலே இல்லை. திறந்தாள்.

"அப்பா, அவர் அப்பிடி எழுதேல்லை," என்றாள். "பிறந்ததிலயிருந்து மரக்கறியாம். குடிக்கிற ஆக்களோட இருக்கவே பிடிக்காதாம்."

"உனக்கென்னண்டு தெரியும்?"

ஆபீஸில் பார்த்துப் பழகியது என்றாள். அப்பா மேலே இருந்த ஒரு வரியைக் காட்டினார், வாசித்தாள். இன்னொன்றைக் காட்டினார், அதையும் வாசித்தாள். வைத்தியரைப் பற்றிய வரியில் மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொண்டாள். மகள் வேலை செய்வது நல்ல வெள்ளைக்காரக் கம்பெனிதான், இதையெல்லாம்கூடக் கற்றுக்கொடுக்கிறார்களே என்று அப்பா மெல்ல உட்கார்ந்தார். பணியாரம் பழைய இடத்துக்கு வந்தது. தப்பித்தோம் என்று அவள் மூச்சுவிட்டாள்.

நாகையாவை மறந்துவிட்டார்கள். ஒரு பெண்பிள்ளை வாசிக்கிறாள், வைத்தியருக்கு வாசிக்கத் தெரியவில்லை என்றால் மானம் என்னாவது? டின்னின் அடியில் கிடந்த கடைசி டிஸ்க்கைச் செருகினார், எதையோ அமுக்கினார்.

வந்தது தமிழ்! திரை முழுக்க, மேலிருந்து கீழ்வரை, அச்சடித்ததுபோல முத்து முத்தாக. அதே நேரம் டொரொன்டோவிலிருந்து புது வரி ஒன்றும் வந்து விழுந்தது.

'குணாக்குட்டி, பயப்படாதே. இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பேசுகிறோம் என்று அப்பா நம்பும்படி நடி. நம் காதலை இந்த உடைந்த எழுத்துகள் காப்பாற்றும்.'

சண்முகரத்தினம் சத்தம் போட்டே வாசித்தார். பிறகு சத்தமில்லாமல் முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் வாசித்தார். குணபூசணி தரையைப் பார்த்தாள். இராசேஸ்வரி மகளைப் பார்த்தார். நாகையா ஒருவர்தான் எல்லோரையும் பார்த்துப் பூரித்து நின்றார்.

"கள்ளன்," என்றார் சண்முகரத்தினம் கடைசியில். கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா பொய்யைக் கூட எவ்வளவு வடிவான தமிழில சொல்லுறான் பார். சரி, நாள் பார்க்கச் சொல்லு."

கல்யாணத்தில் நாகையாவுக்கு முன்வரிசை. இந்தச் சம்பந்தத்தை முடித்து வைத்தது தானே என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பொய் என்று யாரால் சொல்ல முடியும்?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நாகையா இரண்டாவது டிஸ்க்கைச் செருகும்போதே, 'அட, டெர்மினலுக்குள் போய் ஃபாண்டை மாற்றினால் முடிந்தது, இவருக்கு இதுகூடத் தெரியவில்லையே' என்று உங்களில் ஒருவருக்குக் கை துறுதுறுத்ததே, அவரைத்தான் சொல்கிறேன். ஐயா, அடுத்த வீட்டுத் திரையைச் சரிசெய்யக் கிளம்புமுன் அந்த வீட்டுப் பெண்ணின் முகத்தை ஒரு தடவை பாருங்கள். அது பழுதாகவே இருக்கட்டும் என்று அவள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருக்கலாம்.