பல் டாக்டர் வாயைத் திறந்த இடம்

"அப்பா, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று பின்சீட்டிலிருந்து மகள் சொன்னதும், பல் டாக்டர் காரை ஓரங்கட்டி, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க இறங்கிவிட்டார்.

காற்று இருந்தது. நாலு டயரிலும் இருந்தது. ஆனால் இறங்கியவர் சும்மா திரும்பி ஏறினால் நன்றாக இருக்காதே? குனிந்து பின்பக்க டயரின் சின்ன மூடியைத் திருகி எடுத்தார். உள்ளே இருந்த ஊசியை நகத்தால் அழுத்தினார். புஸ்ஸென்றது. திருப்தியில்லாமல் இன்னொரு முறை அழுத்தினார். இந்தத் தடவை ஊசி உள்ளேயே மாட்டிக்கொண்டது. சத்தம் நிற்கவில்லை.

"என்னங்க அது சத்தம்?" என்றாள் மனைவி.

"காத்து இறங்குது. நல்லவேளை நான் பார்த்தேன்!"

மாற்று டயர் போட்டு முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. முன்சீட்டில் மாமனார் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, "போலாம் ரைட்" என்றார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி எது கிளம்பினாலும் அவர் சொன்னால்தான் அவருக்கு நிம்மதி.

மகள் பேச வேண்டிய விஷயம் என்ன என்பது டாக்டருக்கு நன்றாகவே தெரியும். அவளும் பல் டாக்டருக்குத்தான் படித்திருந்தாள். படிப்பு முடிந்ததும் தன் கிளினிக்கிலேயே சேர்ந்துவிடுவாள் என்று அவர் தீர்மானித்து, அதை அவளிடம் சொல்லாமல், ரெண்டாவது நாற்காலியை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டார். அவளுக்கோ வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. வருகிறேன், வரவில்லை என்று நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா சரியென்று சொல்லாமல் கிளம்ப அவளுக்கு மனசில்லை.

அவள் கேட்டுவிட்டால் போகாதே என்று சொல்ல இவருக்கு வாய் வராது. போ என்று சொல்ல மனசு வராது. கேட்கவே விடாமல் இன்றைய பொழுதை ஓட்டிவிட்டால் நாளைய கெடு தானாகத் தாண்டிப் போய்விடும் என்பதுதான் அவருடைய திட்டம். வீட்டில் இருந்தால் பேச்சு வரும் என்று பயந்துதான், கடலோரப் பாறையைப் பார்க்க இந்தப் பயணத்தையே அவர் ஏற்பாடு செய்தார்.

பேசத் தெரியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். கிளினிக்கில் ஓயாமல் பேசுவார். வருகிறவர் வாய்க்குள் பஞ்சையும் கண்ணாடியையும் வைத்துவிட்டு, "பசங்கல்லாம் எப்படி இருக்காங்க? பெரியவனுக்கு வேலை கிடைச்சுதா?" என்று ஆசையாக விசாரிப்பார். "ஆ" என்று பதில் வரும். வாயிருந்து பதில் சொல்லக்கூடியவர்களிடம் பேசும் பழக்கம் அவருக்கு விட்டுப்போய்விட்டது. வீட்டில் யாராவது "ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தால், தண்ணீர் மோட்டார் போடக் கிளம்பிவிடுவார்.

கடற்கரையில் ரெண்டு டிக்கெட் கவுன்டர்கள் இருந்தன. ஒன்று, கரையிலேயே பெஞ்ச் போட்ட மேடைக்கு. அங்கே உட்கார்ந்து பாறையைத் தூரத்தில் பார்க்கலாம். இன்னொன்று பாறை வரை நடந்து போய்வர. கடல் இறங்கியிருக்கும் நேரத்தில் கரையிலிருந்து பாறை வரை மணல் திட்டு ஒன்று வழிவிடும்.

"மேடைக்கே போலாம்ப்பா. உக்காந்து சாவகாசமா பேசலாம்" என்றாள் மகள்.

அவ்வளவுதான். டாக்டர் ஓடிப்போய்ப் பாறைக்கு நாலு டிக்கெட் வாங்கிவிட்டார்.

"லேட்டா வந்திருக்கீங்க சார், தண்ணி ஏற ஆரம்பிச்சிருச்சு" என்றார் வாசலில் நின்ற காவலாளி. "போனதும் திரும்பிடுங்க. விசில் அடிச்சேன்னா உடனே வந்துடணும்."

"தெரியும், தெரியும்."

காலண்டரிலும் பிஸ்கட் டப்பா மூடியிலும் எல்லோரும் பார்த்த பாறைதான். கடலுக்குள் தனியாக நின்றது. நடுவில் பெரிய ஓட்டை. ஓட்டை வழியாக அந்தப் பக்கத்து வானம் தெரிந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஆகா என்றார்கள். டாக்டருக்கு மட்டும் அது அடைக்காமல் விட்ட கடைவாய்ப் பல்லாகத் தெரிந்தது.

பாறையடிக்குப் போய்ச் சேர்ந்து ஒரு படம் எடுப்பதற்குள் கரையிலிருந்து விசில் கேட்டது. மற்றவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

"அப்பா, கூப்பிடறாங்க. வாங்க, நடந்துக்கிட்டே பேசலாம்."

"பின்பக்கம் பார்க்காம போனா எப்படிம்மா? பின்பக்கம்தான் விசேஷம்!" என்று டாக்டர் பாறையில் வெட்டியிருந்த படிகளில் தாவி ஏறினார். வேறு வழியில்லாமல் மூன்று பேரும் பின்னால் ஏறினார்கள். மாமனாரை ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது.

பின்பக்கத்தில் பறவை எச்சமும் ஒற்றைச் செருப்பு ஒன்றும் இருந்தன. டாக்டர் இரண்டையும் முடிந்த மட்டும் நிதானமாக ரசித்தார்.

இறங்கி வந்து பார்த்தால் மணல் திட்டைக் காணோம். அது இருந்த இடத்தில் நுரையும் அலையுமாகக் கடல்தான் இருந்தது. பாறையில் இவர்கள் நாலு பேரைத் தவிர யாருமில்லை.

டாக்டர் ரெண்டு படி பின்னால் ஏறி நின்றுகொண்டார். நீச்சல் என்ற சொல்லைத் தவிர நீச்சலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

"ஆழமா இருக்குமா மாப்பிள்ளை?" என்றார் மாமனார்.

"ரெண்டு ஆள் ஆழம் இருக்கும் மாமா" என்றார் டாக்டர். அலையின் நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

பாறையில் ஒரு தகடு பதித்து, அவசரத்துக்கு அழைக்கக் காவலாளியின் போன் நம்பரை எழுதியிருந்தார்கள். மனைவி போனை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நீயே பேசு" என்றார் டாக்டர் வழக்கம் போல.

அவள் காற்றுக்கு ஒதுங்கிப் போய்ப் பேசினாள். "சரிங்க... அப்படிங்களா... நாலு பேரு... சரிங்க" என்பது மட்டும் காதில் விழுந்தது. அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. வங்கியில் குறை கேட்கும் மேஜையில் இருப்பவள். சில்லறை குறைகிறது என்று வருபவருக்கும் சேமிப்பெல்லாம் போயிற்று என்று வருபவருக்கும் அவளிடம் ஒரே "சரிங்க"தான்.

"என்ன சொன்னாரு?"

"வருவாராம். அரை மணி ஆகும்."

"அதுக்குள்ள?"

"அதுக்குள்ள உக்காரலாம்" என்று அவள் புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மாமனார் ரொட்டிப் பாக்கெட்டைப் பிரித்தார்.

"மாமா, இருக்கறதை மிச்சம் பிடிக்கணும்."

"எதுக்கு மாப்பிள்ளை? வெறும் வயித்தோட மூழ்கணும்னு ஏதாவது இருக்கா?"

மகள் தொண்டையைச் செருமினாள். டாக்டர் சுற்றிலும் பார்த்தார். நாலு பக்கமும் கடல். மோட்டார் இல்லை, டயர் இல்லை.

"மாமா, அந்தப் பல் செட்டைக் கழட்டுங்க! சரியா உக்காருதான்னு பார்த்துடறேன்."

"இங்கயா?" என்றார் மாமனார். ஆனாலும் செய்து போட்டவர் கேட்கும்போது தராமல் முடியுமா? ரொட்டியை அரைகுறையாக விழுங்கிவிட்டுக் கழற்றிக் கொடுத்தார். டாக்டர் கைக்குட்டையால் துடைத்தார். வெளிச்சத்தில் காட்டினார். திருப்பினார். மறுபடி துடைத்தார். அந்த நேரம் பார்த்து ஓர் அலை முகத்தில் அடிக்க, பல் செட் கையிலிருந்து நழுவிப் பாறை இடுக்கில் தேங்கியிருந்த தண்ணீரில் விழுந்தது.

"ஐயையோ, என் பல்லு!" என்று பொக்கை வாயோடு கத்தினார் மாமனார்.

மகள் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டுத் துழாவி எடுத்தாள். எடுத்தவள் அதை அப்படியே கொடுத்துவிடவில்லை. கட்டை விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"தாத்தா, கீழ்ப்பக்கம் இடது ஓரத்துல உங்களுக்கு உறுத்துதா?"

"ஒரு மாசமா வலி உயிர் போகுது பாப்பா!"

"எங்கிட்ட ஏன் மாமா சொல்லல?" என்றார் டாக்டர்.

"சொல்ல வாயைத் திறந்தா நீங்க பஞ்சை வெச்சுடறீங்களே மாப்பிள்ளை."

டாக்டர் பல் செட்டை வாங்கித் தானும் தடவினார். மகள் சொன்ன இடத்தில் சின்னதாக ஒரு மேடு. எத்தனையோ முறை கையில் எடுத்தும் அவருக்குத் தட்டுப்படாத மேடு. அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது. பல் செட்டை மாமனாரிடம் கொடுத்த பிறகு கையில் செய்வதற்கு ஒன்றுமில்லை.

"ஆஸ்பத்திரி வேலைதானே?" என்றார் கடலைப் பார்த்தபடி.

மகள் திடுக்கிட்டாள். "தெரியுமா?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு போன் பண்ணப்ப நான்தான் எடுத்தேன்."

"பின்ன ஏம்ப்பா ஒண்ணுமே சொல்லல?"

"சொன்னா நீ போய்டுவியே."

அதற்குப் பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. மத்தியானம் கிளினிக்கைச் சாத்திவிட்டுத் தனியாக டிபன் பாக்ஸைத் திறப்பதைச் சொன்னார். ரெண்டாவது நாற்காலி வாங்கியது கூட்டம் அதிகமாகிவிட்டதற்காக இல்லை என்றார்.

"நாள் பூரா பேசறேன்டா கண்ணு. ஒருத்தரும் பதில் சொன்னதில்ல. நீ வந்தா ஒரு மனுஷக் குரல் கேக்கும்னு நினைச்சேன். வேற ஒண்ணுமில்ல."

மாமனார் ரொட்டியை நீட்ட, டாக்டர் அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"தினம் மத்தியானம் நீங்க சாப்பிடற நேரத்துக்கு போன் பண்றேன்ப்பா" என்றாள் மகள்.

"நான் கேட்டா பதில் சொல்லுவியா?"

"நீங்க போதும்னு சொல்ற வரைக்கும் சொல்லுவேன்."

மூழ்கப்போகிற நேரத்தில் சம்மதம் சொல்வது சுலபம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டாக்டருக்கு அது ரொம்பக் கஷ்டமாகத்தான் இருந்தது. ரெண்டு முறை மென்று விழுங்கிவிட்டு, மூன்றாவது முறைதான் சொன்னார்.

"போய்ட்டு வாம்மா. நாளைக்குக் காலையில முதல் வேலையா சரின்னு சொல்லிடு. இங்கிருந்து உயிரோட போனா."

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். அவர் அழ மட்டும் செய்தார்.

அப்போதுதான் கரைப்பக்கம் அசைவு தெரிந்தது. படகு எதுவுமில்லை. காவலாளி பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி, சந்தைக்குப் போகிறவர் மாதிரி கடலில் நடந்து வந்துகொண்டிருந்தார். தண்ணீர் அவர் முழங்காலைக்கூடத் தொடவில்லை.

டாக்டர் துள்ளி எழுந்தார். "என்னய்யா இது? இவ்வளவுதான் தண்ணின்னா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அரை மணி நேரமா இங்க செத்துப் பிழைச்சுக்கிட்டு இருக்கோம்!"

காவலாளி ஒன்றும் புரியாமல் டாக்டரைப் பார்த்தார், அப்புறம் மனைவியைப் பார்த்தார்.

"போன்லயே சொன்னேனே சார், இன்னைக்கு முழங்காலுக்கு மேல ஏறாது, நடந்து வந்துடுங்கன்னு. அம்மாதான், 'அவர் இன்னும் பேச ஆரம்பிக்கல, அரை மணி கழிச்சு வாங்க'ன்னாங்க."