நான் சுத்தம் செய்த சம்புக் குட்டை

கூச்சப்படுகிறவர்களை அடக்கமானவர்கள் என்று ஊர் நினைத்துக்கொள்கிறது. உண்மையில் நாங்கள் ஆபத்தானவர்கள். ஒரு கேள்வி கேட்க வெட்கப்பட்டு ஒரு குட்டையையே காலி செய்துவிடுவோம். (நான் செய்திருக்கிறேன்.)

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் தோட்ட வேலைக்குச் சேர்ந்த புதிது. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிலையாக எடுப்பார்கள். இரண்டரை மாதம் ஓட்டியிருந்தேன். பத்தாவது படித்தவளுக்கு நாற்பத்தாறு வயதில் பி.எஃப். பிடிக்கிற வேலை சும்மா கிடைக்குமா?

அந்த வாரம் ஆடிட். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளுக்கு அது தீபாவளி மாதிரி. மெஷினைத் துடைப்பார்கள், தரையில் மஞ்சள் கோடு போடுவார்கள், துடைப்பம் சாத்துகிற சுவரில் 'துடைப்பம்' என்று எழுதி ஒட்டுவார்கள். சூப்பர்வைசர் தேவராஜ் சார், "யக்கா, பின்பக்கம் உன் பொறுப்பு. நாளைக்கு ஆடிட்டர் அங்கதான் மொதல்ல வர்றாரு. பளிச்சுனு இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டார்.

பின்பக்கத்தில் சிமென்ட் கரை கட்டிய ஒரு குட்டை. அதில் ஆள் உயரத்துக்குச் சம்பு, நடுநடுவே கோரை, ஓரமெல்லாம் நீர்முள்ளி. உள்ளே தவளைக் கச்சேரி வேறு. ஆடிட்டர் வரும் நேரத்தில் இப்படியா புதர் மண்டிக் கிடப்பது? யாரையாவது கேட்டிருக்கலாம். அரிவாளை எடுத்தேன்.

சாயங்காலத்துக்குள் குட்டை மொட்டை. அதில் குடியிருந்த நீர்ப்பறவை, ஒரு நாமக்கோழி மட்டும், வீடு இடிபட்டவள் மாதிரி கரையில் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தது.

காலையில் தேவராஜ் சார் வந்து பார்த்தார்.

"இன்னாக்கா இது? சம்பு எங்க?"

"சுத்தம் பண்ணிட்டேன் சார்."

"அய்யய்யோ! கேன்டீன் அழுக்குத் தண்ணிய சுத்தம் பண்றதே அந்தச் செடிதான்க்கா! அத்தப் பாக்கத்தான் அவரே வர்றாரு!"

சொல்லி முடிக்கவில்லை, ஆடிட்டர் வந்துவிட்டார். கையிலிருந்த போட்டோவில் பச்சைக் காடு. எதிரே பச்சைத் தண்ணீர். "செடியெல்லாம் எங்கே?" என்றார். தேவராஜ் சார் என் பக்கம் திரும்பினார்.

"நான்தான் வெட்டினேன் சார்" என்றேன். "தண்ணிக்கு மேலதான் சார் வெட்டினேன், வேரு அப்படியே கீது. சம்பு சாவாது சார். எங்க ஏரியில வருசா வருசம் வெட்டறோம், ஒரு வாட்டி கூட ஜெயிச்சதில்ல."

என் வாழ்க்கையிலேயே நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். ஆடிட்டர் குனிந்து பார்த்தார். வெட்டிய தண்டுகளின் நடுவிலிருந்து, ஒரே ராத்திரியில், விரல்கடை உயரத்துக்குப் பச்சைக் குருத்து எழும்பியிருந்தது. சிரித்துவிட்டார். "ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன்மா."

அந்த இரண்டு வாரமும் குட்டையே கதி என்று கிடந்தேன். பெற்ற பிள்ளைகள் வளர்ந்ததைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. அவர் வந்தபோது சம்பு முழங்காலைத் தாண்டியிருந்தது. நாமக்கோழியும் திரும்பியிருந்தது. வேலை நிலையானது.

கதை மட்டும் வீட்டைவிட்டுப் போகவில்லை. மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் என் வீட்டுக்காரரே முதலில் அதைத்தான் சொன்னார். நல்லவேளை, கல்யாணம் நடந்தது. இப்போது மகளைப் பார்க்க ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும்போதெல்லாம், சம்பந்தியம்மா எனக்குக் காபி கொடுத்துவிட்டு, தன் கீரைப்பாத்திக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். நான் கிளம்பும்வரை எழுந்திருப்பதில்லை.