தேவகனி அத்தைக்குக் கசக்காத இலை

பொற்றையடி,
20 ஜனவரி 1934.

அன்பும் மரியாதையும் நிறைந்த ஜெயசிங் சித்தப்பா அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகள் ஞானசெல்வி தோத்திரம் சொல்லி எழுதுவது. குலசேகரத்தில் சித்தியும் தம்பிமாரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். இங்கே எல்லாரும் சுகம். தேவகனி அத்தையும் சுகம்தான். அதை அவள் நம்புவதற்குத்தான் ஒரு பகல் முழுவதும் ஆயிற்று.

உங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்ட நீங்கள் கேட்ட சிறியாநங்கைக்காக அத்தையோடு மருந்துவாழ் மலைக்குப் போனேன். பாறையோரம் அக்காள் தங்கை போல இரண்டு செடிகள். இரண்டிலும் இலைகள் எதிரெதிராக. இரண்டிலும் ஊதாக்கோடு போட்ட சின்ன வெள்ளைப்பூ. சிறியாநங்கை குடல்வரை கசக்கும் அல்லவா? எது சரி என்று தெரியாமல் இரண்டிலும் கொப்பு ஒடித்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்ததும் கசப்புப் பார்க்க ஒன்றின் இலையை அத்தையிடம் கொடுத்தேன். மென்றாள், விழுங்கினாள், முகம் வெளுத்தாள். "ஏட்டி, கசக்கல்லியே! மலையில கால்ல சுருக்குன்னுச்சு, நான் முள்ளுன்னுல்லா நெனச்சேன்!" பாம்பு கடித்தவருக்கு அந்த இலை கசக்காது என்று ஊரே சொல்லும், பிறகு கேட்க வேண்டுமா? அப்பா வைத்தியருக்கு ஆள் அனுப்பினார், அம்மா முழங்காலில் நின்று ஜெபித்தாள், அத்தை தூங்கிவிடக் கூடாதென்று பக்கத்து வீட்டு நேசபாய் அக்கா நம் வெண்கலத் தட்டை அவள் காதருகே தட்டிக்கொண்டே இருந்தாள். "குறை இலையிலதான், அத்தைக்கிட்ட இல்ல!" என்று நான் கத்தியது தட்டுச் சத்தத்தில் போயிற்று.

மூலையில் உட்கார்ந்து தண்டுகளைத் தடவினேன். அத்தை மென்ற செடியின் தண்டு விரலிடையே பென்சில் போல உருண்டது. மற்றதற்கு நாலு பட்டை, உருள மறுத்தது. உடனே அதன் இலையை அத்தை வாயில் திணித்தேன். "தூ! கொல்லப் பாக்கியாட்டி, சவமே!" என்று துப்பினாள். வீடே ஸ்தோத்திரம் சொல்லிற்று.

அப்பா மட்டும், "இதுக்கா ஒன்னப் படிக்க வச்சேன்? தட்டும் பொளந்து போச்சு, மானமும் போச்சு. பள்ளிக்கூடம் போதும், புஸ்தகத்தக் கெட்டி வையி" என்றார்.

சித்தப்பா, நாக்கு ஆளுக்கு ஆள் மாறுகிறது. பயந்தவர் நாக்கு இன்னும் மாறுகிறது. தண்டின் பட்டை யார் தொட்டாலும் நான்குதான். எதை நம்பலாம் என்று பார்க்கத்தானே படிக்கிறோம்? இரண்டு கொப்புகளையும் இத்துடன் வைக்கிறேன். நீங்களே உருட்டிப் பார்த்து, நான் சொன்னது சரி என்று அப்பாவுக்கு எழுதுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்.

கர்த்தர் உங்கள் வாசலையும் நீங்கள் நடக்கும் மலைப்பாதையையும் காப்பாராக.

கீழ்ப்படிதலுள்ள மகள்,
ஞானசெல்வி

பி.கு.: உறைக்குள் கொப்புகளைத் தேட வேண்டாம், அவை இங்கேயே தேவைப்படுகின்றன. நான் பசை எடுக்கப் போன சமயம் அப்பா ஒன்றில் இலை கிள்ளி, யாருக்கும் தெரியாமல் மென்று பார்த்திருக்கிறார். கசக்கவில்லையாம். இப்போது முற்றத்து வெயிலில் காலை நீட்டி, பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். ஆகையால் நீங்கள் அவருக்கு ஒன்றும் எழுத வேண்டாம். என்னைக் கூப்பிடுகிறார்: "மக்கா, ஓடி வா! அந்தத் தண்ட ஒண்ணு உருட்டிப் பாரு!"