மாமியின் கரியரும் வறண்ட ஆறும்

குடிக்கவே தண்ணீர் போதாத பாலைவனத்தில், கையிலிருந்த தண்ணீரில் பாத்திரம் கழுவினேனே, ஏன்? இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் முன்பின் தெரியாத ஓர் அமெரிக்கப் பெண். அதன்பிறகு நானே என்னிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், பெரும்பாலும் எங்கள் இல்ஃபோர்ட் வீட்டின் சிங்குக்கு முன்னால் நின்றபடி.

மகள் பிறந்த பிறகு நானும் கணவரும் தனியாகப் போன முதல் பயணம் அது. அமெரிக்காவில் யூட்டா பக்கம், செம்பாறைப் பள்ளத்தாக்குகள் நிறைந்த பாலைவனத்தில் வாடகைக் கார் ஓட்டவும் இறங்கி நடக்கவும் அவருக்கு நெடுநாள் ஆசை. இரண்டு வயது மகளை மாமியிடம், அதாவது அவருடைய அம்மாவிடம், விட்டுப் போனோம். மகளின் எக்ஸிமாச் சொறிக்கான கிறீமை எந்த முழங்கையில் முதலில் பூசுவது என்பதுவரை மாமிக்கு விளக்கிவிட்டுத்தான் (நாலு பிள்ளை வளர்த்தவர் அவர்) விமானம் ஏறினேன்.

மாமி தன் பங்குக்கு மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கரியரைத் தந்தார்.

"ஊரில இருந்து வரேக்க கொண்டுவந்தது. கண்ட கடையிலயும் சாப்பிடாதேங்கோ. கவனமாத் திருப்பிக் கொண்டு வாரும் பிள்ளை."

நான் சொன்ன சொல் கேட்கும் மருமகள். அதனால் மோட்டல் அறையில், சமைக்கக் கூடாது என்ற அறிவிப்புக்கு நேர் கீழே, சின்ன ரைஸ் குக்கரில் முதலில் சோறும் பிறகு டின்மீன் குழம்பும் வைத்தேன். புகை அலாரம் கத்தாதபடி கணவர் அதன் கீழே நின்று துவாயை விசுக்கிக்கொண்டிருந்தார். கரியரைப் பைக்குள் வைத்ததும் இடம் போதவில்லை. இரண்டு தண்ணீர்ப் போத்தல்களைக் காரிலேயே விட்டோம்.

நடைபாதை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை. அதில் வெயிலில் தவழும் மனிதனின் படம். நிறையத் தண்ணீர் கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள்.

"இந்தத் தண்ணி ரெண்டு பேருக்கும் காணுமே, அப்பா?" மகள் பிறந்த பிறகு கணவரை நான் கூப்பிடுவது 'அப்பா' என்றுதான்.

"தாராளமாக் காணும். கீழ ஆறு ஓடுது. இஞ்ச பாரும், மேப்பில நீலக் கோடு."

நான் மேப்பைப் பார்த்தேன். கோடு நல்ல நீலமாகத்தான் இருந்தது.

இறங்குவது சுகம். வெயில் ஏறிய பிறகு ஒரு பாறையின் நிழலில் இருந்து சாப்பிட்டோம். கையால்தான். சாப்பிட்டு முடித்தால் கை கழுவ வேண்டும், இல்லையா? அவர் எனக்கு வார்த்தார், நான் அவருக்கு வார்த்தேன். வாயும் கொப்பளித்தோம். பிறகு என் கண் கரியரில் விழுந்தது. மீன் மணம் பிடித்த கரியரை மாமி மோந்து பார்ப்பதுபோல ஒரு காட்சி மனதில் ஓடியது.

"இதையும் ஒருக்கா அலசட்டே?"

"ஓம், அலசும். கீழதானே ஆறு."

அலசுவதோடு நான் நிறுத்தவில்லை. மூன்று அடுக்கையும் மணல் போட்டுத் தேய்த்தேன். மூடியின் விளிம்புக்குள் நகத்தை விட்டு எண்ணெய் எடுத்தேன். வெயிலில் அது பளபளத்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாகக்கூட இருந்தது.

பாதை முடிந்த இடத்தில் மணல் மட்டும் இருந்தது.

"ஆறு எங்க, அப்பா?"

"நீர் காலை வைச்சு நிக்கிற இடந்தான்."

மிஞ்சியது அரைப் போத்தல். திரும்பி ஏற வேண்டிய பாறைச் சுவர் முழுவதும் வெயில். போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. ஏறத் தொடங்கினோம். என் கணவர் பல்லுப் பிடுங்கும்போதே டாக்டருக்குப் பகிடி விட்டுச் சிரிக்கவைக்கும் ஆள். பாதி ஏறியதும் அவரிடமிருந்து சத்தமே வரவில்லை.

"ஏதாவது கதையுங்கோவன்."

"என்னத்தைக் கதைக்கிறது."

திரும்பிப் பார்த்தேன். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, வியர்வையே இல்லாமல் ஒரு கல்லில் இருந்துவிட்டார். காலில் தசை பிடித்து இழுத்தது. போத்தலை நீட்டினேன்.

"எனக்கு வேண்டாம். நீர் குடிச்சிட்டு மேல போய் ஆரையும் கூட்டிக்கொண்டு வாரும். பிள்ளைக்கு அம்மா வேணும்."

"அவளுக்கு நீங்கள்தான் வேணும். நான் கிட்டப் போனா கிறீம் பூச வாறன் எண்டு ஓடுறவள்."

அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மையாகப் பயம் பிடித்தது. விட்டுப் போனால் இவருக்கு என்ன ஆகும்? போகாவிட்டால் இருவருக்கும் என்ன ஆகும்? இல்ஃபோர்டில் ஒரு பிள்ளை சோற்றைத் துப்பிக்கொண்டு எங்களைத் தேடுமோ? ஒரு முடிவும் எடுக்க முடியாமல், கடைசித் தண்ணீரை அவர் வாயில் ஊற்றிவிட்டுப் பக்கத்தில் குடையாக நின்றேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலிருந்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இறங்கி வந்தார்கள். அந்த மனிதர் ஓடிவந்து தன் போத்தலை நீட்டினார். என் கணவர் அதை வாங்கினார், அண்ணாந்தார், பிறர் போத்தலில் வாய் வைக்கக் கூடாது என்று சிறுவயதில் பழக்கியபடியே தூக்கி ஊற்றினார். பாதித் தண்ணீர் மூக்கிலும் சட்டையிலும் போனது.

"வாயை வைத்துக் குடியுங்கள்," என்று அந்த மனிதர் கிட்டத்தட்ட அழுதுவிட்டார்.

அவருடைய மனைவி எங்கள் பையிலிருந்து எட்டிப் பார்த்த கரியரைப் பார்த்து அது என்னவென்று கேட்டார். சொன்னேன். கழுவியதையும் சொன்னேன்.

"குடிக்கிற தண்ணீரிலா? ஏன்?"

வாயைத் திறந்தேன். "அது என் மாமியாருடையது" என்றுதான் வந்தது. அவர் தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

உப்புக் கரைத்த தண்ணீர் தந்து, வெயில் தணியும்வரை நிழலில் இருத்தி, அவர்களே எங்களை மேலே கூட்டிவந்தார்கள். சிக்னல் கிடைத்ததும் மாமியின் செய்தி வந்து விழுந்தது. "பிள்ளை சாப்பிட்டிட்டாள். கரியர் கவனம்."

வீட்டுக்கு வந்ததும் மாமி கரியரை யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாலைவனம் எண்டாங்கள். என்ன வடிவாக் கழுவிக் கொண்டு வந்திருக்கிறீர் பிள்ளை. நான் பெத்த பெட்டையளுக்கு இந்தப் புத்தி வராது."

கணவருக்கு இருமல் வந்துவிட்டது. அன்றுமுதல் மேசையில் யார் தண்ணீர் வைத்தாலும் அவர் கேட்பார்: "இது குடிக்கவோ, கழுவவோ?" அர்த்தம் தெரியாமலே மகளும் இப்போது கேட்கிறாள். மாமியும் விழுந்து விழுந்து சிரிக்கிறார். அவருக்கு நாங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது பிரச்சினை இதுதான். வரும் விடுமுறையில் அதே பாலைவனத்துக்குக் கணவர் டிக்கெட் எடுத்துவிட்டார். இந்த முறை மகளும் வருகிறாள், மாமியும் வருகிறார். மாமி நாலடுக்குக் கரியர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். நடந்ததைச் சொன்னால் பிள்ளையை எங்களோடு பார்க்குக்குக்கூட விடமாட்டார். சொல்லாவிட்டால் நாலு அடுக்கையும் எந்தத் தண்ணீரில் கழுவுவார் என்று எனக்குத் தெரியும். சொல்லவா, விடவா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். வெட் டிஷ்யூ கொண்டுபோகச் சொல்லி மட்டும் எழுத வேண்டாம். மாமியிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். அதெல்லாம் துடைக்கிறதாம், கழுவுறதில்லையாம்.