இடது கைக்குக் கிடைத்த பதவி உயர்வு

மனித குல முன்னேற்றத்துக்குக் குறுக்கே நின்றவை இரண்டு. ஒன்று அறியாமை; மற்றொன்று பேஸ் கிட்டார். முதலாவதை ஒழிக்க அரசாங்கங்கள் இருக்கின்றன. இரண்டாவதை ஒழிக்கும் மாபெரும் பொறுப்பு, ஒரு மெல்லிசைக் குழுவின் கீபோர்டுக்காரர் தலையில் வந்து விழுந்தது.

ஒத்திகை அறையில் குழுத் தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார். கீபோர்டுக்காரரின் வலது கை பாட்டை வாசிக்கிறது, இடது கையோ குழுவின் வளங்களை 'வீணடிக்கிறது', ஆகவே இனி பேஸ் என்கிற கனத்த அடிநாதத்தையும் அதுவே கவனிக்கும் என்று அறிவித்தார்.

"அப்ப நான்?" என்றார் பேஸ் கிட்டார்காரர். கீபோர்டுக்காரருடைய மனைவியின் அண்ணன் அவர்.

"நீங்க 'ஆலோசகர்'. வீட்டுல இருந்தே ஆலோசனை சொல்லலாம். நாங்க கேட்டா."

"மாப்பிள்ளை, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

மாப்பிள்ளை தன் இடது கையைத் தடவிக்கொண்டார். பெருமையில்தான். "கலைக்காக நாமதான் விட்டுக்குடுக்கணும் மச்சான்," என்றார். மச்சான் விட்டுக்கொடுத்தார்.

அன்றிலிருந்து இடது கைக்கு நடந்த மரியாதை சொல்லி மாளாது. அது காய்கறிப் பை தூக்குவதை நிறுத்தியது. மேடையில் அது ஒரு கட்டையை அழுத்தினால் நாற்காலிகள் நடுங்கின. "பேஸ்னா இதுல்ல பேஸ்! நான் பொருத்தின பல்லெல்லாம் ஆடுது!" என்று முன்வரிசைப் பல் டாக்டர் பூரித்துப்போனார். மனைவி மட்டும் அந்தக் கையோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

பிறகு இன்னொரு அவசரக் கூட்டம். மேசை மேல் புதுக் கீபோர்டு. ஒரு பட்டனைத் தட்டினால் பேஸ், தாளம், பாட்டு எல்லாவற்றையும் அதுவே வாசித்துவிடுமாம்.

"அப்ப நான்?" என்றார் கீபோர்டுக்காரர். இந்தக் கேள்வியை எங்கோ கேட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

"ஆலோசகர்!"

"பட்டனை யார் தட்டுவா?"

"நான்தான். எனக்கும் கொஞ்சம் இசை ஞானம் உண்டுங்க."

"மேடை வெறிச்சோடிக் கிடக்குமே!"

"அதுக்குத்தான் உங்க மச்சானைக் கூப்பிட்டுட்டேன். நல்ல உயரம். சும்மா கிட்டாரை மாட்டிக்கிட்டு நின்னாலே மேடை நிறைஞ்சுடும். நீங்க உக்காந்தா வழுக்கை மட்டும்தானே தெரியுது?"

அடுத்த கச்சேரிக்குக் கீபோர்டுக்காரர் மனைவியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வயரே செருகாத கிட்டாரோடு மச்சான் குதி குதியென்று குதித்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. கீபோர்டுக்காரரின் இடது கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

மனைவி அதைத் தூக்கிப் பிடித்தாள். வெகு நாள் கழித்து அதோடு பேசினாள்.

"எங்கண்ணன் வயித்துல அடிச்ச கைதானே நீ? தட்டு!"