வால் உதிர ஸ்பெஷல் கிளாஸ்

ஒரு காட்டுல ஒரு குளம். அந்தக் குளத்துல வீரபாகு, வீரபாகுன்னு ஒரு தலைப்பிரட்டை. பேரைக் கேட்டு பயந்துராதீங்க, ஆளு மிளகு சைஸ்தான். தலைப்பிரட்டைன்னா தெரியும்ல? தவளையோட பிள்ளை. கையி கிடையாது, காலு கிடையாது. முன்னாடி ஒரு மண்டை, பின்னாடி ஒரு வாலு, அம்புட்டுதான் உடம்பு.

வீரபாகுவுக்கு மண்டை மட்டும் இல்ல, மண்டைவலியும் இருந்துச்சு. எதிர்ல எவன் வந்தாலும் ஒரே கேள்விதான். நத்தை மாமா ஊர்ந்து ஊர்ந்து வருவாரு. காலைல ஆரம்பிச்ச கேள்விய மத்தியானம்தான் முடிப்பாரு. "ஏன்டா... தம்பி... பெரியவனாகி... என்ன... ஆகப்போற?" நண்டுச் சித்தி இருக்கே, அது மூஞ்சியப் பாத்து கேக்காது. சைடுல போயிக்கிட்டே கேக்கும்.

மத்த தலைப்பிரட்டைங்க எல்லாம் கோரஸா, "தவளை ஆகப்போறோம் மாமா!"ன்னு கத்தும். வேற என்னத்த ஆகுறது, யானையாவா ஆக முடியும்? ஆனாலும் மாமாவுக்கு அப்படியே பூரிச்சுப் போயிரும். "லட்சியம்னா இதுடா!"ன்னு கொம்பை ஆட்டுவாரு.

வீரபாகு மட்டும் ஒரு நாள் சொல்லிட்டான். "நான் மீன் ஆகப்போறேன்."

குளமே கலங்கிப் போச்சு. அவங்கம்மா ராக்காயி தாமரை இலை மேல உக்காந்து நெஞ்சுல அடிச்சுக்கிட்டா.

"மீனா? அதெல்லாம் ஒரு வேலையாடா? நாள் முழுக்க தண்ணிக்குள்ளயே கெடக்கணும். கோடைல தண்ணி வத்துனா வேலை போச்சு! தவளைன்னா அப்படியா? தண்ணியிலயும் பொழப்பு, தரையிலயும் பொழப்பு. ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு இருக்கும்டா!"

"எனக்கு நீஞ்சத்தான்மா புடிச்சிருக்கு."

"புடிச்சதை சாயங்காலமா பண்ணு, யாரு வேண்டாம்னது? மொதல்ல தவளைய முடி. அப்புறம் மீனாகு, மானாகு, என்னமும் ஆயித் தொலை."

பக்கத்து இலைல இருந்த பூங்கொடித் தவளை எட்டிப் பாத்துச்சு. "மதினி, எம்மகனைப் பாத்தீங்கள்ல? முட்டைக்குள்ள இருக்கும்போதே கோச்சிங்ல போட்டுட்டேன். இவனையும் நாளைக்கே கொண்டு போயி வெள்ளைச்சாமி சார்கிட்ட விடுங்க."

வெள்ளைச்சாமி சார் யாருன்னா, ஒரு கொக்கு. வயசாகி கண்ணு மங்கிப் போச்சு. மீனைப் பாத்துக் கொத்துனா கல்லுல போயி முட்டும். மீனுங்க அவரு காலுக்கு நடுவுல பூந்து பூந்து வெளாடும். ஒரு நாள் பசியோட ஒத்தக் கால்ல நின்னு யோசிச்சாரு. யோசிச்சு, கரையில ஒரு பேனர் கட்டுனாரு. "வெள்ளைச்சாமி தவளை அகாடமி. பின்னங்கால், முன்னங்கால், வால் உதிர்வு அனைத்துக்கும் சிறப்புப் பயிற்சி. ரிசல்ட் நூத்துக்கு நூறு."

கொக்கு தவளையத் திங்கும்னு தாய் தகப்பனுக்குத் தெரியாதான்னு கேப்பீங்க. நல்லாத் தெரியும். ஆனா ரிசல்ட் நூத்துக்கு நூறாச்சே!

மறுநாள் வீரபாகுவை தலையில தண்ணி தெளிச்சு, பாசிய ஒதுக்கி வகிடெடுத்து, கிளாஸ்ல கொண்டு போயி விட்டா ராக்காயி. சார் ஒத்தக் கால்ல நின்னாரு. கழுத்தை மடக்கி, நீட்டி, தொண்டையக் கனைச்சாரு.

"ஸ்டூடண்ட்ஸ்! காலு எங்கேர்ந்து வரும்?"

"பின்னாடிலேர்ந்து சார்!"

"எப்படி வரும்?"

"கஷ்டப்பட்டா வரும் சார்!"

"எனக்குக் கேக்கல!"

"கஷ்டப்பட்டா வரும் சார்ர்ர்!"

இதான் பாடம். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இதேதான். வாரக் கடைசியில டெஸ்ட். இன்னும் காலு முளைக்காதவன் எல்லாம் முன்னாடி வரணும். அவங்களுக்கு மட்டும் நாணலுக்குப் பின்னாடி ஸ்பெஷல் கிளாஸ். போனவன் போனவன்தான், ஒருத்தனும் திரும்பி வந்ததில்ல. ஊருல, "பாவம், படிப்பு ஏறல, பாதியில நின்னுட்டான்"னு பேசிக்குவாங்க. மிச்சம் இருக்கிறவன் எல்லாம் தவளையாயிருவான். நூத்துக்கு நூறு வராம என்ன செய்யும்?

தன் முறை வர்றதுக்கு முன்னாடியே வீரபாகு நாணல் சந்துல எட்டிப் பாத்துட்டான். சாரோட அலகு ஓரத்துல ஒரு குட்டி வாலு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அந்த வாலு நேத்து இவனோட ஓடிப் புடிச்சு வெளாண்ட வாலு. போட்டான் பாருங்க ஒரு ஓட்டம், நேரா வீட்டுக்கு.

"அம்மா! சார் பிள்ளைங்களைத் திங்கிறாரும்மா!"

"கண்டிப்பா இருந்தாத்தான்டா பிள்ளைங்க உருப்படும்."

"கண்டிப்பு இல்லம்மா! திங்கிறாரு!"

"நீ ஒழுங்காப் படிச்சா உன்னைய ஏன்டா திங்கப் போறாரு?"

இதுக்கு மேல என்னத்தப் பேசுறது? வீரபாகு அன்னைக்கே வீட்டை விட்டுக் கிளம்பி மீனுங்க பக்கம் போயிட்டான். அங்க மயிலுன்னு ஒரு கெண்டைக்குஞ்சு அவனுக்கு சிநேகிதி.

"வாடா வா. இங்க கிளாஸும் இல்ல, டெஸ்டும் இல்ல. பசிச்சா தின்னு, தோணுனா நீஞ்சு"ன்னுச்சு மயிலு.

ஆகா, அதுதான்யா வாழ்க்கை! வாலை வெட்டித் திருப்புறதென்ன, குட்டிக்கரணம் போடுறதென்ன! நிஜ மீனே இவனைப் பாத்து நீச்சல் கத்துக்குச்சுன்னா பாத்துக்கோங்க. அப்படி இருக்கும்போது ஒரு நாள் பின்பக்கம் ஒரே அரிப்பு. திரும்பிப் பாத்தா காலு!

பதறிப் போயி பாசிய எடுத்து இடுப்புல சுத்திக்கிட்டான்.

"என்னடா பாவாடை?"ன்னா மயிலு.

"ஃபேஷன்."

அடுத்து முன்னங்கை ரெண்டும் வந்துச்சு. அதுக்கும் ஒரு பாசித் துண்டைப் போத்திக்கிட்டான். "குளிருதா?"ன்னா மயிலு. "ஆமா"ன்னான். கடைசியா வாலு சுருங்க ஆரம்பிச்சுச்சு. அங்க அகாடமியில பிள்ளைங்க வாலு உதிரணும், உதிரணும்னு மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கிதுங்க. இங்க இவன் உதிரக் கூடாது, உதிரக் கூடாதுன்னு மூச்சைப் புடிச்சுக்கிட்டு நின்னான். அதுங்களுக்கும் உதிர்ந்துச்சு, இவனுக்கும் உதிர்ந்துச்சு. ஒரே வாரத்துல!

வாலு போன கையோட தண்ணிக்குள்ள மூச்சும் முட்டிருச்சு. மயிலுதான் தலையால முட்டி முட்டி இவனை மேல தள்ளி விட்டா.

"நீ தவளைடா. போயி காத்தை இழு மொதல்ல. அழாதடா, உன்னையப் பாத்தா எனக்கு மூச்சு முட்டுது."

வீரபாகு கரையில உக்காந்து ஓன்னு அழுதான். அழுதா, கொர்ர்ர்னு சத்தம் வந்துச்சு. சரி, ஆனது ஆயிப்போச்சு, அம்மாவாவது சந்தோசப்படட்டும்னு தாவித் தாவி வீட்டுக்குப் போனான்.

ராக்காயி ஏற இறங்கப் பாத்தா. "எந்த அகாடமிடா?"

"எங்கயும் போகலம்மா. தானா வந்துச்சு."

"தானாவா?" பூங்கொடி பாஞ்சு வந்து அவன் காலைப் புடிச்சு இழுத்துப் பாத்துச்சு. "ஒட்ட வச்சதா இருக்கும் மதினி. தானா வருமாம்ல! அப்ப எம்மகன் ராப்பகலா கத்தி கத்திப் படிச்சானே, அவன் என்ன கிறுக்கனா?"

வீரபாகு எட்டு முழத்துக்கு ஒரு தாவு தாவிக் காட்டுனான்.

பூங்கொடி மூக்கைச் சுருக்குச்சு. "தாவுறான்தான். ஆனா அகாடமித் தாவல் இல்ல இது. ஒரு ஒழுங்கு இல்ல பாருங்க."

ஒரு இலையிலயும் இவனுக்கு எடம் குடுக்கல. வீரபாகுவுக்கு அது கூடப் பெருசாத் தெரியல. ராக்காயி நடுவுல பேஞ்ச மழைக்கு மறுபடி முட்டை போட்டு, தம்பிங்க கும்பலா பொரிஞ்சு வந்திருந்தானுங்க. பொடிப் பொடியா, மண்டையும் வாலுமா, அண்ணன் அண்ணன்னு காலைச் சுத்தி வந்தானுங்க. அவனுங்களை அடுத்த வாரம் வெள்ளைச்சாமி சார்கிட்ட சேக்கப் போறாளாம்.

வீரபாகு நடுக்குளத்துக் கல்லு மேல ஏறி நின்னு தொண்டை கிழியக் கத்துனான். "எய்யா, எம்மா! காலு தானா வரும்! கொக்குகிட்ட அனுப்பாதீங்க!"

"படிக்காத பய, வயித்தெரிச்சல்ல கத்துறான்"ன்னு சொல்லிட்டு எல்லாத் தவளையும் வேலையப் பாக்கப் போயிருச்சு.

கொக்கு மட்டும் வந்தாரு. கல்லுக்குப் பின்னாடிலேர்ந்து அலகு நீண்டு வந்து வீரபாகு உச்சந்தலைக்கு மேல நின்னுச்சு.

"தம்பி, உன்னைய முழுங்குறது எனக்கு ஒரு வாய் வேலை. ஆனா கோச்சிங் போகாம ஒருத்தன் தவளையாயிட்டான்னு நாலு பேரு பாத்துட்டாங்களே! இப்ப முழுங்குனா பேச்சு கிளம்பும். அதனால... நிமிந்து நில்லு. தொண்டைய உப்பு. லேசாச் சிரி. ஏ நத்தை, வாப்பா, படத்தை வரை!"

மறுநாள் கரை முழுக்க வீரபாகு மூஞ்சிதான். "எங்கள் அகாடமி மாணவன் வீரபாகு! வால் உதிர்வில் குளத்துக்கே முதலிடம்! வீட்டிலிருந்தபடியே பயின்ற சாதனை!"

பேனரைப் பாத்த ராக்காயி பொலபொலன்னு அழுதுட்டா. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேடா ராசா!" பூங்கொடி கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்துச்சு. "நான் அன்னைக்கே சொன்னேன்ல மதினி, தாவல்ல ஒரு ஒழுங்கு இருந்துச்சுன்னு!"

ஊரே கூடி மாலை போட்டுச்சு. "எப்படிப்பா சாதிச்ச? ரெண்டு வார்த்தை பேசு"ன்னாங்க. இதான் சமயம்னு வீரபாகு எந்திரிச்சான்.

"சத்தியமாச் சொல்றேன். நான் ஒண்ணுமே பண்ணல. எல்லாம் தானா வந்துச்சு."

கைதட்டு அள்ளிருச்சு! "பாத்தியா, எம்புட்டு அடக்கம்!"னு ஆளாளுக்குக் கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க. கொக்கு கழுத்தை நீட்டி, "அடக்கமும் நம்ம அகாடமியிலதான் சொல்லித் தர்றோம்"னாரு. அவ்வளவுதான், அட்மிஷனுக்கு வரிசை கரையச் சுத்தி வளைஞ்சு போச்சு. வரிசைக்கு முன்னாடி யாருன்னு பாத்தா ராக்காயி. அவ பின்னாடி வாலை ஆட்டிக்கிட்டுத் தம்பிங்க. கொக்கு அவனுங்களைப் பாத்து எச்சில் முழுங்குனாரு.

வீரபாகு ஒரு நிமிசம் கண்ணை மூடுனான். தொறந்தான். ஒரே தாவு, வரிசையில நின்ன அம்மாகிட்ட.

"அம்மா, இங்க சொல்லித் தர்றது பழைய சிலபஸும்மா."

ராக்காயி திரும்பிப் பாத்தா. "என்னடா சொல்ற?"

"இப்ப எல்லாம் புது மெத்தட். அதுலதான் நான் முதலிடம் வந்தேன். 'சும்மா இருத்தல்'னு பேரு. ரொம்பக் கஷ்டம். எல்லாருக்கும் வராது."

"எல்லாருக்கும் வராதா?" ராக்காயி கண்ணு அகலமாச்சு. "அப்ப உன் தம்பிங்களுக்கு நீயே எடுடா!"

"தம்பிங்களுக்கு எடுக்கிறேன். மத்தவங்களுக்கு சீட்டு ஃபுல்லு."

ஃபுல்லுங்கிற வார்த்தை காதுல விழுந்ததுதான் தாமசம், பூங்கொடி கொக்கு வரிசைய விட்டு இந்தப் பக்கம் குதிச்சுச்சு. "வீரபாகு தம்பி, அத்தையோட சின்ன மகனுக்கு ஒரு சீட்டு போடக் கூடாதா? உன் காலை எம்புட்டுப் பாசமாப் புடிச்சுப் பாத்தவ நான்!" அது பின்னாடி ஒண்ணு, அது பின்னாடி ரெண்டு, மொத்த வரிசையும் சரிஞ்சு இந்தப் பக்கம் வந்துருச்சு.

"ஃபீஸ் என்ன தம்பி?"

"ஃபீஸெல்லாம் வேண்டாம் அத்தை."

வந்த கூட்டம் டக்குன்னு நின்னுச்சு. "ஓசியா? அப்ப ஏதோ டூப்ளிகேட்டு"ன்னு நாலு பேரு திரும்பி கொக்கு பக்கம் நடந்தாங்க.

"இல்ல இல்ல! கொசு! ஆளுக்கு ஒரு வாய் கொசு, கொழுத்த கொசுவா! மொதல்லயே வச்சுரணும்!"

"அப்படிச் சொல்லு!"ன்னு போனவங்க ஓடி வந்தாங்க.

கொக்கு அலகைக் கடிச்சுக்கிட்டு நின்னாரு. முழுங்கலாம்தான். ஆனா தன் பேனர்ல தானே ஒட்டுன மூஞ்சிய ஊருக்கு முன்னாடி எப்படி முழுங்குறது?

வகுப்பு ஆரம்பிச்சுச்சு. "நீஞ்சுங்கடா"ன்னான் வீரபாகு. "பாடம் என்ன சார்?"னு கேட்டானுங்க. "அதான் பாடம்"னான். பிள்ளைங்க நீஞ்சுச்சு, வெளாண்டுச்சு, தின்னுச்சு, தூங்குச்சு. காலு வந்துச்சு, வாலு போச்சு. வீரபாகு தம்பிங்கள்ல ஒருத்தன் குறையாம அம்புட்டுப் பயலும் தவளையாயிட்டானுங்க.

பெத்தவங்களுக்குத்தான் ஒரு மனக்குறை. "எல்லாப் பிள்ளையும் தேறிருச்சே! சார்கிட்ட கண்டிப்பு பத்தாது போல." அதுக்காக வீரபாகு தினமும் கொஞ்சம் மொறைக்கப் பழகிக்கிட்டான்.

கொக்கு என்ன ஆனாருன்னு கேக்குறீங்களா? அடுத்த குளத்துக்குப் போயி புது பேனர் கட்டிட்டாராம். "வெள்ளைச்சாமி மீன் அகாடமி. நீச்சலுக்குச் சிறப்புப் பயிற்சி." கூட்டம் தாங்கலையாம்.

நீதி: உண்மைய ஓசியில சொன்னா ஊரு சிரிக்கும், அதுக்கு வாயில நுழையாத ஒரு பேரு வச்சு, சீட்டு ஃபுல்லுன்னு சொல்லி, ஃபீஸ் வாங்கிட்டுச் சொல்லு, கையெடுத்துக் கும்புடும்.